செய்வினை, செயப்பாட்டுவினை: ரோமிலிருந்து ஒஸ்லோ வரை

இலத்தீனில் செய்வினையைச் செயப்பாட்டுவினை ஆக்கத் துணைவினை தேடிப் போக வேண்டியதில்லை. நிகழ்காலத்தில் ஒரு ரகர மெய் போதும். ‘லெகோ’ என்றால் வாசிக்கிறேன். ‘லெகொர்’ என்றால் வாசிக்கப்படுகிறேன். ‘லெகித்’ வாசிக்கிறான், ‘லெகித்துர்’ வாசிக்கப்படுகிறது. இத்தனை எளிதான ஒன்றைப் பற்றி இலக்கணக்காரர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாக வாதாடி வருவதற்குக் காரணம் வேறொரு சொற்கூட்டம். ‘லொக்வொர்’ என்பதும் அதே ரகரத்தில்தான் முடிகிறது. ஆனால் அதற்குப் பொருள் ‘பேசுகிறேன்’. ‘செக்வொர்’ பின்தொடர்கிறேன். ‘நாஸ்கொர்’ பிறக்கிறேன். ‘மொரியொர்’ சாகிறேன். உருவம் செயப்பாட்டுவினை, பொருள் செய்வினை. ‘லொக்வோ’ என்று ரகரத்தைக் கழற்றிச் சொன்னால் எந்த ரோமானியனுக்கும் அது விளங்காது.

இந்தச் சொற்களை எங்கே வைப்பது? இலத்தீன் இலக்கண மரபில் தோன்றிய ஒவ்வொரு பள்ளியும் இந்தக் கேள்விக்கு ஒரு விடை சொல்லியிருக்கிறது. அந்த விடையில்தான் அந்தப் பள்ளியின் தரமும் தெரிகிறது. உருவத்தை நம்பிய பள்ளி, பொருளை நம்பிய பள்ளி, வழக்கை நம்பிய பள்ளி, வரலாற்றை நம்பிய பள்ளி என்று நான்கைப் பிரித்துச் சொல்லலாம். நான்காவது பள்ளியின் முக்கியமான சில பக்கங்கள் நாம் வாழும் இந்த ஒஸ்லோவில் எழுதப்பட்டன. அதைவிட, இலத்தீனுக்கென்று வார்க்கப்பட்ட அச்சு தமிழ் இலக்கணத்தின் மேலும் வந்து விழுந்தது. எனவே இது நமக்குத் தொலைவான விவகாரம் இல்லை.

ரோம்: ரகரச் சோதனை

கிரேக்கர்கள் வினையில் மூன்று நிலைகளைக் கண்டார்கள்: செய்தல், படுதல், இரண்டுக்கும் நடுவே ஒன்று. கி.மு. 100 அளவில் தியோனீசியஸ் திராக்ஸ் பெயரில் வழங்கும் சிறு இலக்கண நூலிலேயே இந்த மூன்றும் உண்டு. ரோமானியர் அந்த நூல்மரபைத் தம் மொழிக்கு எடுத்துக்கொண்டபோது நடு நிலையை வைக்க இடம் தெரியாமல் தவித்தார்கள். கி.மு. முதல் நூற்றாண்டில் வர்ரோ, கழுவுவதைச் சொல்லும் ‘லவோ’, ‘லவொர்’ என்ற இரண்டு உருவங்களின் வழக்கையும் எடுத்துப் பேசுகிறார். இரண்டாவதற்கு ‘கழுவப்படுகிறேன்’ என்பதோடு ‘குளிக்கிறேன்’ என்ற பொருளும் உண்டு. குளிப்பவன் செய்கிறவனா, படுகிறவனா? இரண்டும்தான்.

இந்தக் குழப்பத்துக்கு வகுப்பறையில் ஒரு முடிவு கட்டியவர் நான்காம் நூற்றாண்டில் ரோமில் ஆசிரியராக இருந்த தொனாத்துஸ். விவிலியத்தை இலத்தீனில் தந்த ஜெரோம் இவருடைய மாணவர். தொனாத்துஸின் சிறிய இலக்கணம் கேள்வியும் பதிலுமாக அமைந்தது. ஐரோப்பியப் பிள்ளைகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அதை மனப்பாடம் செய்தார்கள். குட்டன்பெர்க் அச்சுக்கூடம் தொடக்கத்தில் அச்சிட்டவற்றில் அதுவும் ஒன்று. வினைகளை அவர் ஐந்தாகப் பிரித்தார். பிரித்த முறைதான் அழகு: பொருளைப் பற்றித் தத்துவம் பேசாமல், ரகரத்தைச் சேர்த்தும் கழற்றியும் பார்க்கச் சொன்னார்.

சொல் ஓகாரத்தில் முடிகிறதா? ரகரத்தைச் சேர்த்துப் பார். ‘லெகோ’ ‘லெகொர்’ ஆகிறது. சொல் இலத்தீனாகவே இருக்கிறது. அப்படியானால் அது செய்வினை. ‘ஸ்தோ’ (நிற்கிறேன்), ‘குர்ரோ’ (ஓடுகிறேன்) என்பவற்றோடு ரகரம் சேர்த்தால் அப்படி ஒரு சொல் இல்லை. அவை இருபுறமும் சேராதவை. சொல் ரகரத்தில் முடிகிறதா? கழற்றிப் பார். ‘லெகொர்’ ‘லெகோ’ ஆகிறது, அது செயப்பாட்டுவினை. ‘லொக்வொர்’ கழற்றினால் நிற்காது. அது நான்காவது வகை. ஐந்தாவது, ஒரே ரகர உருவத்தை வைத்துக்கொண்டு ‘உன்னைக் குற்றஞ்சாட்டுகிறேன்’ என்றும் ‘உன்னால் குற்றஞ்சாட்டப்படுகிறேன்’ என்றும் இருவழியிலும் வரக்கூடிய பொதுவினை.

பத்து வயதுப் பிள்ளை ஆசிரியர் துணையின்றிச் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. அதன் பலம் அதுவே. ‘லொக்வொர்’ ஏன் அப்படி இருக்கிறது என்று அது விளக்காது. ஆனால் அதற்குத் தனி அறை ஒதுக்கி, மாணவன் தடுமாறாமல் பார்த்துக்கொள்கிறது. அதன் பலவீனம் ‘வாப்புலோ’ போன்ற சொல்லில் தெரியும். ஓகாரத்தில் முடிகிற இந்தச் சொல்லுக்குப் பொருள் ‘அடி வாங்குகிறேன்’. உருவத்தில் செய்வினை, பொருளில் படுகிறவன் பாடு. தமிழிலும் ‘உதை வாங்கினான்’ என்கிறோம்; வாங்குவது செய்வினைதான், ஆனால் உதைத்தவன் வேறொருவன். ரகரத்தை மட்டும் பார்க்கும் சோதனை இந்தச் சொல்லைக் கண்டுபிடிக்காது.

பாரிசும் சலமாங்காவும்: பொருள்வழிப் பள்ளி

கி.பி. 500 அளவில் கொன்ஸ்தாந்திநோபிளில் பிரிஸ்கியன் பதினெட்டுப் புத்தகங்களாக எழுதிய பெரிய இலக்கணம், வினை ஒருவரிடமிருந்து மற்றொருவரிடம் கடந்து போகிறதா என்ற கேள்வியை அழுத்திக் கேட்டது. அந்தக் கேள்வியைப் பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாரிஸ் பல்கலைக்கழகத்தின் அளவையியலார் பிடித்துக்கொண்டார்கள். சொல் எப்படி முடிகிறது என்பதை விட, சொல் எந்த முறையில் பொருளைக் குறிக்கிறது என்பதே இலக்கணம் என்றார்கள். 1270 அளவில் அங்கே எழுதிய இந்தப் பள்ளியின் பெரிய பெயர்களில் இரண்டு வடபுலத்துப் பெயர்கள்: தாசியாவின் மார்ட்டின், தாசியாவின் போத்தியுஸ். ‘தாசியா’ என்று அன்று டென்மார்க்கைச் சொன்னார்கள். தொமினிக்கன் துறவிகளின் தாசியா மாகாணத்தில் நோர்வேயும் அடங்கியிருந்தது.

இந்த வழியை அதன் எல்லைக்கே கொண்டுபோனவர் ஸ்பெயினின் சலமாங்காவில் கற்பித்த பிரான்சிஸ்கோ சாஞ்செஸ். 1587-இல் வெளிவந்த ‘மினெர்வா’ என்ற நூலில், உலகில் ஒன்று செய்கிறது அல்லது படுகிறது, நடுவே எதுவும் இல்லை, ஆகவே இருபுறமும் சேராத வினை என்று ஒரு வகையே கிடையாது என்று வாதாடினார். ‘ஓடுகிறேன்’ என்றால் ‘ஓட்டத்தை ஓடுகிறேன்’ என்று பொருள், செயப்படுபொருள் மறைந்து நிற்கிறது என்பது அவருடைய விளக்கம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ரோமானியன் சொல்லாத ஒரு சொல்லை அவன் வாயில் திணித்துவிட்டுத்தான் இந்த விளக்கம் நிற்கிறது. கொள்கைக்கு ஏற்ப மொழியைத் திருத்துகிற எந்தப் பள்ளிக்கும் நேர்வது இதுதான். பாரிசும் சலமாங்காவும் மனித மொழியின் பொது அமைப்பைப் பற்றி நல்ல கேள்விகளை எழுப்பின. இலத்தீன் வகுப்பில் அவை தந்த பயன் குறைவு.

நோர்வே: பேராலயப் பள்ளியிலிருந்து ‘மாணவர் தொழிற்சாலை’ வரை

நோர்வேக்கு இலத்தீன் வந்தது திருச்சபையோடு. 1152-53இல் பாப்பரசரின் தூதராக வந்த நிக்கொலாஸ் பிரேக்ஸ்பியர் நிதாரோசில், அதாவது இன்றைய துரொன்ஹெய்மில், பேராயர் பீடத்தை நிறுவினார். ஒஸ்லோ பேராலயப் பள்ளி தன் வயதை 1153-இலிருந்தே கணக்கிடுகிறது; ‘கத்தா’ என்று செல்லமாக அழைக்கப்படும் அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. மதகுருவாகப் போகும் பையன்கள் தொனாத்துஸை ஒப்பித்தே இலத்தீனுக்குள் நுழைந்தார்கள். இலத்தீன் மடத்துச் சுவருக்குள் மட்டும் இருந்துவிடவில்லை. 1955-இல் பேர்கனின் துறைமுக வீதியில் தீப்பிடித்த பிறகு நடந்த அகழாய்வில் அறுநூறுக்கும் மேற்பட்ட ரூன் எழுத்துப் பொறிப்புகள் கிடைத்தன. அவற்றில் சில, ரூன் எழுத்தில் செதுக்கிய இலத்தீன்.

சமயச் சீர்திருத்தம் 1537-இல் வந்தபோது மடங்கள் மூடப்பட்டன; இலத்தீன் பள்ளி மூடப்படவில்லை. டென்மார்க்-நோர்வே அரசின் கீழ் அதற்கு மவுசு கூடியது. மவுசு கூடியதும் போலிகளும் பெருகினர். பேர்கனில் 1684-இல் பிறந்த லூத்விக் ஹோல்பெர்க் ‘எராஸ்முஸ் மொந்தானுஸ்’ என்ற நாடகத்தில் அவர்களை நார் நாராகக் கிழித்தார். ரஸ்முஸ் பெர்க் என்ற கிராமத்துப் பையன் கொப்பன்ஹேகனில் படித்துவிட்டுத் தன் பெயரையே இலத்தீனாக்கிக்கொண்டு ஊருக்கு வருகிறான். பெற்ற தாயை ஒரு கல் என்று தருக்கத்தால் நிறுவிக் காட்டி அவளை அழவைக்கிறான். ஹோல்பெர்க் இலத்தீனுக்கு எதிரி இல்லை. நிலத்தடி உலகுக்குப் போய்வரும் நீல்ஸ் கிளிமின் கதையை அவர் எழுதியதே இலத்தீனில்தான்; அது 1741-இல் லைப்சிக்கில் அச்சானது. அவருடைய கோபம் மொழியைப் பெருமைக்கு அணிந்துகொண்டவர்கள் மேல்.

1811-இல் கிறிஸ்தியானியாவில், அதாவது இன்றைய ஒஸ்லோவில், பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதற்குள் நுழையும் தேர்வுக்கு இலத்தீன் கட்டாயம். இலத்தீனிலிருந்து மொழிபெயர்த்தால் போதாது, இலத்தீனில் எழுதவும் வேண்டும். செய்வினை, செயப்பாட்டுவினை அறிவு உண்மையில் சோதிக்கப்பட்டது இந்த எழுத்துத் தேர்வில்தான். ‘ஹோமர் குருடர் என்று சொல்கிறார்கள்’ என்ற வாக்கியத்தைக் கொடுத்தால், நோர்வே மாணவன் தன் மொழியில் உள்ளபடி ‘சொல்கிறார்கள்’ என்று தொடங்குவான். நல்ல இலத்தீனில் ஹோமரையே எழுவாயாக்கி, ‘ஹோமர் குருடராக இருந்ததாகச் சொல்லப்படுகிறார்’ என்று வினையை அவர் மேல் ஏற்ற வேண்டும். அடுத்த வாக்கியம்: ‘என்னைச் சம்மதிக்க வைக்கிறார்கள்.’ முன்னதைப் பார்த்து ‘நான்’ என்று எழுவாய் போட்டால் மதிப்பெண் போச்சு. சம்மதிக்க வைப்பதைச் சொல்லும் இலத்தீன் வினை நான்காம் வேற்றுமையை ஏற்பது. ஆகவே ‘எனக்கு’ என்பது அப்படியே நிற்க, வினை எழுவாயின்றிப் படர்க்கை ஒருமையில் வரும். ‘பிள்ளையால்’ என்பதற்கும் ‘வாளால்’ என்பதற்கும் தமிழில் ஒரே ‘ஆல்’. இலத்தீனில் ஆளுக்கு முன்னிடைச்சொல் வேண்டும், கருவிக்கு வேண்டாம். இன்னொரு பொறி: ‘லௌதாத்துஸ் எஸ்த்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘புகழப்பட்டவனாக இருக்கிறான்’ என்று நிகழ்காலம் போலத் தெரியும், பொருளோ ‘புகழப்பட்டான்’.

இந்தத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்த ஹென்ரிக் ஹெல்ட்பெர்க் நடத்திய பயிற்சிப் பள்ளியைக் கிறிஸ்தியானியாவில் ‘மாணவர் தொழிற்சாலை’ என்றே அழைத்தார்கள். இப்சன், பியோர்ன்சன், வின்யே, யூனாஸ் லீ ஆகியோர் அங்கே படித்தார்கள். கிரிம்ஸ்தாத் ஊரில் மருந்துக் கடைப் பயிலுநராக இருந்த இப்சன், நுழைவுத் தேர்வுக்காகச் சல்லுஸ்தையும் சிசரோவையும் படிக்கும்போதுதான் ‘கத்திலீனா’ என்ற முதல் நாடகத்தை எழுதினார். 1850-இல் அது வெளிவந்தது. தேர்வில் அவர் கிரேக்கத்திலும் கணக்கிலும் தவறினார். பிற்காலத்தில் அதே பயிற்சிப் பள்ளிக்கு வந்த ஆர்ன கார்போர்க், 1883-இல் எழுதிய ‘விவசாயி மாணவர்கள்’ நாவலில், உழவர் வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் படிப்பு என்ன செய்தது என்பதைக் கசப்போடு பதிவு செய்தார்.

இந்தக் காலத்துப் பள்ளிகளுக்குத் தரம் வகுத்தவர் கொப்பன்ஹேகன் பேராசிரியர் மட்விக். 1841-இல் வந்த அவருடைய பள்ளி இலக்கணம் யேர்மன், ஆங்கில மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. வினை எந்த உருவம் எடுக்கிறது என்று முதலில் சொல், பிறகு நல்ல ஆசிரியர்கள் அதை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று காட்டு, தத்துவத்தை வகுப்பறைக்கு வெளியே வை என்பது அவர் போக்கு. வழக்கை நம்பிய பள்ளி இதுதான். ‘லொக்வொர்’ அவர் கையில் மறுபடி தொனாத்துஸ் வைத்த இடத்துக்கே வந்து சேர்ந்தது. ஆனால் இப்போது ஒவ்வொரு விதிக்கும் பின்னால் சிசரோவும் சீசரும் சாட்சியாக நின்றார்கள். பள்ளிநூல் என்ற அளவில் இதைவிடச் சிறந்த தரம் இன்றுவரை வரவில்லை என்பது என் கருத்து.

எனினும் காலம் எதிர்த் திசையில் போனது. இலத்தீனில் எழுதும் தேர்வு 1850-களின் பிற்பகுதியில் கைவிடப்பட்டது. 1896-ஆம் ஆண்டுச் சட்டம் மேல்நிலைப் பள்ளிகளில் இலத்தீனின் கட்டாய ஆட்சியை முடித்துவைத்தது. பிறகு அது விருப்பப் பாடமாகத் திரும்பி வந்தது. ஒஸ்லோ பேராலயப் பள்ளியிலும் வேறு சில பள்ளிகளிலும் இன்றும் படிக்கலாம். பல்கலைக்கழகத்தில் சம்சன் எய்த்ரெம் போன்றவர்கள் மரபைக் காத்தார்கள். அவருடைய இலத்தீன் இலக்கணம் தலைமுறைகள் தாண்டித் திருத்திய பதிப்புகளாகப் புழங்கியது. 1920-களில் தொடங்கிய ‘சிம்போலே ஒஸ்லோவென்செஸ்’ என்ற செவ்வியல் ஆய்விதழ் இன்றும் வெளிவருகிறது.

அந்த ரகரம் எங்கிருந்து வந்தது?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கேள்விக்கு ஒரு விடை தயாராக இருந்தது. அதற்கு முன்மாதிரி வடபுல மொழிகள். பழைய நோர்ஸ் மொழியில் வினையோடு ‘தன்னை’ என்று பொருள்படும் ‘சிக்’ ஒட்டி, தேய்ந்து, இன்றைய நோர்வேஜிய மொழியில் வெறும் சகரமாக நிற்கிறது. ‘ஸ்க்ரீவெஸ்’ (எழுதப்படுகிறது) என்பதன் கடைசி எழுத்து அதுதான். இலத்தீனிலும் ‘தன்னை’ என்பதற்கு ‘சே’ என்ற சொல் உண்டு; இலத்தீனில் சகரம் ரகரமாகத் திரிவதும் உண்டு; ஆகவே இலத்தீன் ரகரமும் அதே வழியில் வந்தது என்றார் ஒப்பிலக்கணத்தின் முன்னோடியான பிரான்ஸ் பொப். பல பத்தாண்டுகள் இது பாடமாக இருந்தது.

இதை உடைத்தவை மூன்று திசைகளிலிருந்து வந்த சாட்சிகள். பழைய ஐரிஷ் மொழியிலும் ரகர வினைகள் இருந்தன. அங்கே சகரம் ரகரமாகத் திரிவதில்லை. 1908-இல் மத்திய ஆசியாவின் தோகாரியன் இனங்காணப்பட்டது, அதிலும் ரகரம். மூன்றாவது சாட்சிக்குக் கதவைத் திறந்தவர் நோர்வேக்காரரான யோர்கன் க்னுட்சன். எகிப்தின் அமர்னாவில் 1887-இல் கிடைத்த களிமண் பலகைகளில் இரண்டு கடிதங்கள் ஒருவருக்கும் புரியாத ஒரு மொழியில் இருந்தன. அவை இந்தோ-ஐரோப்பிய மொழியில் எழுதப்பட்டவை என்று 1902-இல் க்னுட்சன் ஒரு நூல் வெளியிட்டார். கிறிஸ்தியானியாப் பேராசிரியர்கள் சோஃபுஸ் புக்கவும் அல்ஃப் தோர்ப்பும் அதில் குறிப்புகள் எழுதினார்கள். அறிஞர் உலகம் நம்ப மறுத்தது. 1915-இல் செக் அறிஞர் ஹ்ரோஸ்னி அதே மொழியை, ஹித்தைத் மொழியை, படித்துக் காட்டியபோது க்னுட்சன் சொன்னது சரி என்று ஆனது. நான்கு ஆண்டு கழித்து, ஐரிஷ் மொழியில் ஆழங்கால்பட்ட கார்ல் மார்ஸ்திராந்தர் ஹித்தைத்தின் இந்தோ-ஐரோப்பியத் தன்மை பற்றிக் கிறிஸ்தியானியாவில் நூல் வெளியிட்டார். ஹித்தைத்திலும் ரகரம் இருந்தது.

அயர்லாந்து, சீன எல்லை, அனத்தோலியா என்று ஒன்றையொன்று அறியாத மூன்று மூலைகளில் ஒரே ரகரம் இருந்தால் அது ‘சே’ தேய்ந்து வந்ததாக இருக்க முடியாது. மூதாதை மொழியிலேயே இருந்த சொத்து அது. இங்கேதான் ‘லொக்வொர்’ கூட்டத்தின் புதிரும் அவிழ்கிறது. ‘செக்வித்துர்’ (பின்தொடர்கிறான்) என்ற இலத்தீன் சொல்லுக்குப் பழைய ஐரிஷில் ‘செகிதிர்’ என்று ரகர உருவமே உறவு. வடமொழியில் ‘ஸசதே’ என்று ஆத்மனேபதம், அதாவது செயல் தனக்கே ஆவதைக் காட்டும் உருவம். கிரேக்கத்தில் நடு நிலை. சாவதைச் சொல்லும் ‘மொரித்துர்’ வடமொழியில் ‘ம்ரியதே’, அதுவும் ஆத்மனேபத விகுதியோடு. செய்கிறவனையே வந்து தாக்கும் வினைகள், அவனுக்குள்ளேயே முடியும் வினைகள் இவை. தொனாத்துஸின் சோதனையில் தோற்றவை என்று ஒதுக்கப்பட்டவைதாம் மூத்த குடிகள். ‘வாசிக்கப்படுகிறது’ என்ற செயப்பாட்டுப் பொருள், அந்த நடு நிலையிலிருந்து பிற்பாடு முளைத்த கிளை.

ஒஸ்லோப் பல்கலைக்கழகத்தின் பிளின்டேர்ன் வளாகத்தில் இந்த வேலை இன்றும் தொடர்கிறது. பேராசிரியர் தாக் ஹௌக் தலைமையில் 2008-இல் தொடங்கிய ‘ப்ரோயெல்’ திட்டம், புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தையும் இலத்தீன், கோதிக், ஆர்மேனியன், பழைய சிலாவியப் பெயர்ப்புகளையும் சொல்லுக்குச் சொல் இணைத்து, ஒவ்வொரு வினையின் காலம், இடம், எண்ணோடு செய்வினையா செயப்பாட்டுவினையா என்பதையும் குறித்து வைத்திருக்கிறது. ஒரே வசனத்தில் கிரேக்கம் நடு நிலையைப் பயன்படுத்திய இடத்தில் இலத்தீன் பெயர்ப்பாளர் என்ன செய்தார் என்பதை இப்போது தேடி எடுத்துப் பார்க்கலாம்.

தமிழ் மேல் விழுந்த அச்சு

1706-இல் தரங்கம்பாடிக்குப் போதகர் சீகன்பால்குவை அனுப்பிய நான்காம் பிரெடெரிக், டென்மார்க்குக்கும் நோர்வேக்கும் சேர்த்து அரசர். 1714-இல் ஊர் திரும்பும் கப்பலில் மலையப்பன் என்ற தமிழரின் துணையோடு சீகன்பால்கு தமிழ் இலக்கணம் எழுதினார். கப்பல் 1715-இல் வந்து சேர்ந்தது நோர்வேயின் பேர்கன் துறைமுகத்துக்கு. நூல் அடுத்த ஆண்டு ஹாலே நகரில் ‘கிரமாத்திகா தமுலிக்கா’ என்ற பெயரில் அச்சானது. மொழி இலத்தீன், வகுப்புமுறையும் இலத்தீன். வீரமாமுனிவரும் கொடுந்தமிழ் இலக்கணத்தை இலத்தீனிலேயே எழுதினார். தமிழ் வினை இலத்தீன் பெட்டிகளில் அடுக்கப்பட்டது. 1856-இல் கால்டுவெல், திராவிட மொழிகளுக்கு முறையான செயப்பாட்டு உருவம் இல்லை, ‘படு’ என்பது ஒட்டுப்போட்ட வழி என்று எழுதினார். இலத்தீன் ரகரம் போன்ற ஒன்றைத் தேடியவருக்கு அது கிடைக்கவில்லை.

நம் இலக்கணிகள் தேடிய இடம் வேறு. செய்யப்படும் பொருளைச் செய்கிறது போலவே சொல்வதும் வழக்குத்தான் என்று தொல்காப்பியம் விதிக்கிறது. ‘திண்ணை மெழுகிற்று’ என்பது உரைகாரர் தரும் உதாரணம். மெழுகியவர் யாரோ, வாக்கியத்தில் திண்ணையே எழுவாய், ‘படு’ இல்லை. கிரேக்கர் கண்ட நடு நிலைக்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? பதினேழாம் நூற்றாண்டில் பிரயோக விவேகம் வடமொழி வழியில் கர்த்தரி (செய்வினை), கர்மணி (செயப்பாட்டுவினை) என்று பகுத்தது. அது வேறொரு அச்சு. நம் காலத்தில் கு. பரமசிவம், ‘உடைந்தது – உடைத்தான்’, ‘திரும்பியது – திருப்பினான்’ என்ற இரட்டைகளை ஆராய்ந்து, தமிழ் வினையின் உயிர்நிலை செயப்படுபொருள் இருக்கிறதா என்பதில் இல்லை, செயலின் விளைவு யார் மேல் இறங்குகிறது என்பதில் இருக்கிறது என்று சிகாகோ பல்கலைக்கழக ஆய்வில் காட்டினார்.

இந்தக் கதையிலும் ஒஸ்லோவுக்குப் பங்கு உண்டு. கிரியர்சனின் இந்திய மொழிக் கணக்கெடுப்பில் முண்டா, திராவிட மொழிகளுக்கான நான்காம் தொகுதியை எழுதியவர் ஸ்தேன் கொனோ. 1906-இல் அது வெளிவந்தது. 1910-இல் அவர் இங்கே பேராசிரியரானார். அவருக்கு முன்பே, கிறிஸ்தியானியாச் சிறையில் இருந்த காலத்தில் மொழிகள் கற்கத் தொடங்கிய ஸ்க்ரெஃப்ஸ்ருத், பின்னாளில் சந்தால் மக்களிடையே போதகராகி 1873-இல் சந்தாலி இலக்கணம் எழுதினார். செய்தலையும் படுதலையும் தனித்தனி விகுதியால் காட்டும் மொழி அது.

எந்தத் தரம் நம் வகுப்புக்கு?

உருவத்தை முதலில் கற்பி, பொருளை வாக்கியத்தில் சோதி, நல்ல வழக்கைச் சாட்சிக்கு அழை, வரலாற்றை விளக்கத்துக்கு வை. நான்கு பள்ளிகளையும் இந்த வரிசையில் அடுக்கினால் சண்டை இல்லை. வரிசை மாறினால்தான் வம்பு.

ஒஸ்லோவில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. ‘யாய் த்ரீவெஸ்’ (நன்றாக இருக்கிறேன்), ‘யாய் சீனெஸ்’ (எனக்குத் தோன்றுகிறது) என்று அவர்கள் நாள் முழுக்கச் சொல்கிறார்கள். சகர விகுதி இருக்கிறது, செயப்பாட்டுப் பொருள் இல்லை. ‘லொக்வொர்’ செய்வதும் அதுவே. ‘வீ மோத்தெஸ்’ என்பதைத் தமிழில் ‘சந்தித்துக்கொள்வோம்’ என்கிறோம். அந்தச் சகரத்தின் வேலையை நம்மிடம் ‘கொள்’ செய்கிறது. ‘தெ தான்செஸ்’ என்றால் அங்கே ஆட்டம் நடக்கிறது, ஆடுபவர் யாரென்று சொல்லவில்லை. இலத்தீனில் ‘புக்னாத்துர்’ (சண்டை நடக்கிறது), ‘ஈத்துர்’ (போகிறார்கள்) என்பவை இதே வார்ப்பு. ஆங்கிலத்தில் இந்த அமைப்பு இல்லை. ஆங்கிலம் வழியாக இலத்தீன் படிக்கிறவர்கள் இங்கே திணறுவார்கள். தமிழிலும் ‘ஆடப்படுகிறது’ என்றால் பிழையாக ஒலிக்கும், ‘ஆட்டம் நடக்கிறது’ என்போம்.

இதே பிள்ளைகள் தமிழ் வகுப்பில் செயப்பாட்டுவினை படிக்கும்போது என்ன நடக்கிறது? ‘கண்ணன் பாடம் படித்தான்’ என்பதைப் ‘பாடம் கண்ணனால் படிக்கப்பட்டது’ என்று மாற்றச் சொல்கிறோம். எந்த வீட்டிலும் எவரும் பேசாத வாக்கியம் அது. ‘அறிவிக்கப்படுகிறது’, ‘கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்’ என்று நம் அழைப்பிதழ்களும் மலர்களும் நிறைந்திருப்பதற்கு இந்தப் பயிற்சியும் ஒரு காரணம். நோர்வேயில் 2022-இல் நடைமுறைக்கு வந்த மொழிச்சட்டம், அரசு அலுவலகங்கள் தெளிவான மொழியில் எழுத வேண்டும் என்கிறது. ‘விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது’ என்று ஒளிந்துகொள்ளாமல் ‘நாங்கள் நிராகரித்தோம்’ என்று எழுதுங்கள் என்பதே தெளிவுமொழி வகுப்புகளில் அலுவலர்களுக்குச் சொல்லும் முதல் அறிவுரைகளில் ஒன்று. செய்தவர் யாரென்று தெரியாதபோதும், தெரியத் தேவையில்லாதபோதும் செயப்பாட்டுவினை நல்ல கருவி. பொறுப்பை மறைக்க எடுத்தால் கெட்ட கருவி.

தமிழாசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். ‘படு’ மாற்றத்தோடு பாடத்தை முடித்துவிடாதீர்கள். ‘கதவு திறந்தது – கதவைத் திறந்தான்’, ‘கண்ணாடி உடைந்தது – உடைத்தான்’, ‘அடித்தான் – அடிபட்டான் – அடி வாங்கினான் – அடித்துக்கொண்டான்’ என்று ஒரு சொல்லின் குடும்பம் முழுவதையும் பலகையில் எழுதுங்கள். பக்கத்தில் நோர்வேஜிய சகர வினைகளை எழுதச் சொல்லுங்கள். இலத்தீன் எடுத்திருக்கும் மூத்த பிள்ளை வகுப்பில் இருந்தால் அவரிடம் ரகர வினைகளைக் கேட்டு மூன்றாவது வரிசையில் சேருங்கள். எது எதனோடு ஒத்துப்போகிறது, எங்கே முரண்படுகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.